மதுரையிலிருந்து எந்த மலை ஏறலாம்? ரோடு பைக் பயிற்சிக்கு அழகர்மலை, சிறுமலை, போடிமெட்டு, கொடைக்கானல்: ஓர் ஒப்பீடு

மதுரையில் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் ஒரு மலை கண்ணில் படும். வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, தெற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும். ஆனால் ரோடு பைக்கில் ஏறிப் பழக இவற்றில் ஒன்றும் உதவாது. யானைமலை முழுக்கப் பாறை. திருப்பரங்குன்றத்தில் மேலே போகப் படிக்கட்டுதான். நாகமலையை ஒட்டிச் சாலைகள் போகின்றன, ஏறுவதில்லை. பசுமலை மேலே இருப்பது ஓட்டல். ஆகவே ஏற்றம் வேண்டுமென்றால் ஊரை விட்டு வெளியே போகத்தான் வேண்டும். எவ்வளவு தூரம் போவது, போனால் என்ன கிடைக்கும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாரா வாரம் செய்யும் பயிற்சிக்கு அழகர்மலை. மாதம் ஓரிரு முறை நீண்ட ஏற்றத்துக்குச் சிறுமலை. பெரிய போட்டிக்கோ நெடுந்தூர மலைப் பயணத்துக்கோ தயாராகிறவர்களுக்கு மட்டும் கொடைக்கானலும் போடிமெட்டும். ஏன் இந்த வரிசை என்று புரிய, முதலில் நம் மலைச்சாலைகளின் குணம் தெரிய வேண்டும்.

மலைச்சாலை ஏன் நினைத்த அளவு செங்குத்தாக இல்லை

சரிவு சதவீதக் கணக்கு எளிது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 10 மீட்டர் உயர்ந்தால் 1 சதவீதம், 60 மீட்டர் உயர்ந்தால் 6 சதவீதம். லாரியும் பஸ்ஸும் போகும் மலைச்சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த விதிகளில் வழக்கமான சரிவு 5 முதல் 6 சதவீதம். தவிர்க்க முடியாத இடத்தில், அதுவும் சிறிது தூரத்துக்கு மட்டும், 7 அல்லது 8 வரை விடுவார்கள். கொண்டை ஊசி வளைவுக்குள் 2.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தனி விதி இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி வளைவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக.

இதனால்தான் மதுரையைச் சுற்றியுள்ள பெரிய மலைச்சாலைகள் நீளமானவை, ஆனால் கடுமையான செங்குத்து இல்லாதவை. உண்மையான செங்குத்து கோயில் பாதைகளிலும் எஸ்டேட் சாலைகளிலும் கிராமத்து மலைப்பாதைகளிலும்தான் கிடைக்கும். அவை பெரும்பாலும் குட்டையானவை, அல்லது சைக்கிளில் தனியாகப் போக ஏற்றவை அல்ல.

வரைபடச் செயலிகள் காட்டும் சரிவையும் அப்படியே நம்பக் கூடாது. மலைச்சாலை என்பது மலையின் விலாவில் வெட்டிய மெல்லிய கோடு. செயலிகள் பயன்படுத்தும் செயற்கைக்கோள் உயரத் தரவு ஒவ்வொரு கட்டமாக எடுக்கப்பட்டது. ஒரு கட்டத்துக்குள் சாலையும், மேலே இருக்கும் பாறைச் சுவரும், கீழே இருக்கும் பள்ளமும் கலந்துவிடும். அதனால் 5 சதவீதச் சாலையில் திடீரென்று 18 சதவீதம் என்று முள்ளாக ஒரு கோடு எழும். சரியான வழி, அடிவாரத்தின் உயரத்தை உச்சியின் உயரத்திலிருந்து கழித்து, சாலை தூரத்தால் வகுப்பதுதான். காற்றழுத்த உயரமானி உள்ள சைக்கிள் கம்ப்யூட்டர் இருந்தால், சாலையோரக் கிலோமீட்டர் கற்களைக் கடக்கும்போது லேப் பொத்தானை அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கிலோமீட்டரும் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரே சவாரியில் கைக்கு வந்துவிடும்.

அழகர்மலை: பக்கத்தில் இருப்பதுதான் இதன் பலம்

தல்லாகுளத்தில் கிளம்பி புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக அழகர்கோவில் சுமார் 21 கி.மீ. வார்ம்-அப்புக்கு இதைவிடப் பொருத்தமான தூரம் அமையாது. பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியைக் கடந்து கோயில் வளாகத்துக்குப் பின்னால் போனால் ஏற்றம் தொடங்குகிறது. பழமுதிர்ச்சோலை வரை காட்டுக்குள்ளேயே போகும் சாலை, அதற்கும் மேலே நூபுர கங்கை. மொத்தம் சுமார் 4 கி.மீ. தான். சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு 20 நிமிடம், வேகமாக ஏறுகிறவருக்கு 15 நிமிடம்.

குட்டை என்று ஒதுக்க வேண்டாம். உடலின் தாங்கு எல்லையை உயர்த்தும் பயிற்சிக்குப் பெரும்பாலான திட்டங்கள் கேட்பதே 8 முதல் 20 நிமிட ஏற்றங்களைத்தான். ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறினால் மூன்று முறை ஏறுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும். வீட்டிலிருந்து வீடு வரை மூன்றரை மணி நேரத்தில், 65 கி.மீ. சவாரியோடு மூன்று ஏற்றம். கார் வேண்டாம், ரயில் வேண்டாம். எவ்வளவு அருமையான மலையாக இருந்தாலும் மாதம் ஒரு முறை ஏறினால் உடம்பு மாறாது. வாரம் ஒரு முறை ஏறக்கூடிய சிறிய மலை மாற்றும்.

இங்கே தொல்லை சாலையால் வருவதில்லை. மற்றவற்றால் வருகிறது. மலைமேல் போகும் கேட் எப்போது திறக்கிறது, சைக்கிளை விடுகிறார்களா என்பதை முதல் முறை போகும்போது நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகை, சஷ்டி, வெள்ளிக்கிழமை, ஞாயிறு காலைகளில் கோயில் வேன்களும் பக்தர்களின் கார்களும் வரிசை கட்டும். வளைவில் வேன் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். புதன், வியாழன் விடியற்காலைதான் நல்ல நேரம். சித்திரைத் திருவிழா நாட்களிலும் ஆடித் தேர் சமயத்திலும் அழகர்கோவில் சாலைப் பக்கமே சைக்கிளோடு போகாதீர்கள். அந்தச் சாலை அப்போது அழகருக்கும் அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கும் உரியது.

அப்புறம் குரங்குகள். ஜெர்சியின் பின்பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருக்கும் வாழைப்பழத்தை ஓடும் சைக்கிளிலிருந்தே பிடுங்கும். தின்பண்டம் எல்லாவற்றையும் ஜிப் வைத்த சேடில் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். பழமுதிர்ச்சோலையில் நின்று சாப்பிடவே வேண்டாம், கீழே இறங்கி டீக்கடையில் சாப்பிடலாம்.

சிறுமலை: மதுரைக்காரர்களுக்கு ஏற்ற முழு நீள ஏற்றம்

ஒரே ஒரு மலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எங்கள் தேர்வு சிறுமலைதான். திண்டுக்கல்–நத்தம் சாலையில் சிறுமலைப் பிரிவு. அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஊர் 25 கி.மீ. அதில் பெரும்பகுதி ஏற்றம். நிதானமாக ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் மிதிக்க வேண்டியிருக்கும். நேரம் பார்த்துச் செய்யும் பயிற்சிக்கு இது மிக வசதி. இருபது நிமிடம் கடுமையாக, அதாவது பேச முடிந்தாலும் பேசப் பிடிக்காத அளவு முயற்சியில். பிறகு ஐந்து நிமிடம் தளர்வாக. மறுபடி இருபது நிமிடம். இத்தனையும் ஒரே ஏற்றத்துக்குள் அடங்கிவிடும். இறங்கி ஏறி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

போகும் வழி இரண்டு. வாடிப்பட்டி, கொடைரோடு வழியாக நான்குவழிச் சாலையில் திண்டுக்கல் போய்த் திரும்புவது ஒன்று. நத்தம் போய் அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் திரும்புவது இன்னொன்று. சைக்கிளிலேயே போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. திண்டுக்கல் டவுனுக்குள் நுழையாமலே பிரிவுக்கு வந்துவிடலாம், லாரிகளும் குறைவு. ஆனால் போக மட்டுமே 60 கி.மீ.க்கு மேல் ஆகும். ஏற்றத்தையும் திரும்பி வருவதையும் சேர்த்தால் 160 கி.மீ. நாள். ஏற்றப் பயிற்சிதான் நோக்கம் என்றால் அடிவாரம் வரை காரில் சைக்கிளைக் கொண்டுபோய், புத்துணர்வோடு ஏறுங்கள். களைத்த காலோடு ஏறினால் 20 நிமிட முயற்சியின் தரம் போய்விடும். தூரத்தையும் ஏற்றத்தையும் சேர்த்துப் பழக விரும்பும் நெடுந்தூர ஓட்டிகளுக்கு மட்டும் வீட்டிலிருந்தே போவது சரி.

அடிவாரத்தில் வனத்துறை செக்போஸ்ட் இருக்கிறது. இங்கே காட்டுமாடு உண்டு. விடியற்காலையிலும் மாலை இருட்டும்போதும் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் கூட்டம் வரும் என்று வைத்துக்கொண்டு, தூரத்திலேயே நின்று, எல்லாம் போன பிறகு நகருங்கள். பெல் அடிப்பது, கத்துவது, விளக்கைக் கண்ணில் பாய்ச்சுவது எதுவும் வேண்டாம். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஏறத் தொடங்குவதே பாதுகாப்பு.

மேலே போனால் சிறுமலை மலைவாழைப்பழம் கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற பழம். இறங்குவதற்கு முன் இரண்டு சாப்பிட்டால் திரும்பும் வழிக்குப் போதும்.

போடிமெட்டு: நல்ல ஏற்றம், நேரம்தான் சிக்கல்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு 26 கி.மீ. முந்தலைத் தாண்டியதும் உண்மையான ஏற்றம் ஆரம்பம். சரிவு சீரானது, சராசரி 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள். சாலை கொச்சியிலிருந்து மதுரை வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி என்பதால் அகலமும் தளமும் மற்ற மலைச்சாலைகளைவிட மேல். சீரான தாளத்தில் ஒரே கியரில் நெடுநேரம் மிதித்துப் பழக இதற்கு நிகர் இந்தப் பக்கத்தில் வேறில்லை.

சிக்கல் இரண்டு. மதுரையிலிருந்து போடி 90 கி.மீ. 2023 ஜூனில் போடி வரை அகலப்பாதை ரயில் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் காலை ரயில் போடி சேரும்போது வெயில் ஏறிவிடும், அடிவாரத்தில் ஏறத் தொடங்க அது தவறான நேரம். முந்தின நாள் போய்த் தங்குவதுதான் வழி. இரண்டாவது, ஜீப்புகள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வரிசையாக மேலே போகும், மாலையில் அதே வேகத்தில் இறங்கும். நமக்குக் குளிர்ச்சியான நேரமும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை இந்தப் போக்குவரத்து குறைவு, ஆகவே இந்த மலைக்கு ஞாயிறுதான். வளைவுகளில் லாரி சிந்திய டீசல் படலம் இருக்கும். ஏறும்போது எங்கெங்கே பார்த்தீர்களோ அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது உதவும்.

கொடைக்கானல்: நீளம் வேண்டுகிறவர்களுக்கு

வத்தலக்குண்டைத் தாண்டி காட்ரோட்டில் திரும்பினால் டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல். மலைப்பகுதி மட்டும் ஏறக்குறைய 45 கி.மீ. ஊர் இருப்பது 2,100 மீட்டர் உயரத்தில், அடிவாரம் 300 மீட்டரைச் சுற்றி. 1,800 மீட்டர் ஏற்றத்தை 45 கி.மீ.யில் பரப்பினால் சராசரி 4 சதவீதம். பெயருக்கு இருக்கும் மிரட்டல் சரிவில் இல்லை. கஷ்டம் முழுக்க நேரத்தில்தான். மணிக்கு 11 கி.மீ. வேகத்தில் போனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இது கால் வலிமையைவிட அதிகமாகச் சோதிப்பது உணவையும் தண்ணீரையும் நீங்கள் நிர்வகிக்கும் விதத்தை. மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர், அதில் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்., மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பசித்த பிறகு சாப்பிட்டால் பயனில்லை. முதல் மணி நேரத்துக்குள்ளேயே கடலைமிட்டாய், வாழைப்பழம் என்று தொடங்கிவிட வேண்டும். குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இந்த மலையில் தடை இருப்பதால் இரண்டு பெரிய சைக்கிள் பாட்டில்களோடு போங்கள். கூட வரும் காருக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை.

ஏப்ரல், மே சீசனில் இந்தப் பக்கம் வேண்டாம். மேலே குளுமையாக இருந்தாலும் வண்டிப் புகையைச் சுவாசித்துக்கொண்டு நாலு மணி நேரம் ஏறுவது பயிற்சி ஆகாது.

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகப் பெருமாள்மலை போகும் சாலை இதைவிடக் குட்டை, இதைவிடக் கடுமை. செங்குத்து தேடுகிறவர்களுக்கு உண்மையான செங்குத்து இங்கேதான். ஆனால் குறுகலானது, மழைக்காலத்தில் மண் சரியும். துணையோடு, வறண்ட மாதங்களில், ஏறுவதற்கு மட்டும். பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடி போகும் சாலை கொடைக்கானல் நெரிசலுக்கு அமைதியான மாற்று. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் அருமையான சவாரி. மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே பயிற்சி என்ற பேச்சே வேண்டாம்.

மேம்பாலமும் கணவாயும் போதாதா?

போதாது, ஆனால் இரண்டுக்கும் சிறு பயன் உண்டு. நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கி.மீ. நீளம் என்றாலும் ஏறும் பகுதி சில நூறு மீட்டர்தான், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். போக்குவரத்துக்கு நடுவில் முழுவேகம் எடுப்பதும் சரியல்ல. தேனி சாலையில் உசிலம்பட்டியைத் தாண்டி வரும் ஆண்டிபட்டிக் கணவாய் லேசான ஏற்றம். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த இடைவெளி வழியாக அடிக்கும் மேற்குக் காற்று காலுக்கு நல்ல வேலை கொடுக்கும். அங்கே நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி.

செங்குத்து இல்லாத இடத்தில் செங்குத்தை உண்டாக்குவது

இதுதான் மதுரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான வித்தை. ஓட்டுகிறவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதச் சரிவில் முன்னால் 34 பல் சக்கரமும் பின்னால் 19 பல் சக்கரமும் (34×19) போட்டு மிதித்தால், பெடலில் காலுக்குத் தெரியும் கனம் 8 சதவீதச் சரிவில் 34×28 போட்டதற்குச் சமம். ஆகவே போடிமெட்டிலோ சிறுமலையிலோ 34×19 போட்டு, உட்கார்ந்தபடியே, நிமிடத்துக்கு 50 சுற்று மிதியுங்கள். வேகம் 11 கி.மீ., சக்தி 145 வாட் அளவுக்கு இருக்கும். மூச்சு வாங்காது, தொடை எரியும். ஐந்து நிமிடம் இப்படி, ஐந்து நிமிடம் இலகுவான கியரில் 85 சுற்று. நான்கு முறை போதும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் சேடில் தாழ்வாக இருப்பதுதான் காரணம். சில மில்லிமீட்டர் உயர்த்திப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் தொடருங்கள்.

இப்படிக் கிடைக்காதது ஒன்று உண்டு. 10 சதவீதத்துக்கு மேல் முன்சக்கரம் தூக்கப் பார்ப்பதையும் எழுந்து மிதிக்கும்போது பின்சக்கரம் வழுக்குவதையும் கியர் மாற்றிப் பழக முடியாது. அதற்கு அடுக்கம் மாதிரியான சாலைக்கு ஓரிரு முறை போய்த்தான் ஆக வேண்டும்.

மாறாக, கியர் போதாமல் தவிப்பவர்கள்தான் அதிகம். 8 சதவீதத்தில் 34×28 போட்டு 60 சுற்று மிதித்தால் வேகம் 9.2 கி.மீ., அதற்கு 180 வாட் வேண்டும். புதியவருக்கு ஒரு மணி நேரம் அது முடியாது. 34×34 இருந்தால் அதே 60 சுற்றில் 7.6 கி.மீ., 150 வாட்டுக்குள் முடியும். கேசட்டை, அதாவது பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியை, மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பல்லுக்குப் பல் செயினை நகர்த்தும் டிரெய்லியரின் கை (கேஜ்) குட்டையாக இருந்தால் 34 பல்லை எட்டாது. ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கேஜின் எல்லை 30 பல், நீளக் கேஜுக்கு 34. செயினையும் புதிதாக அளந்து போட வேண்டும். பழைய செயின் குட்டையாக இருந்தால், முன்னால் பெரிய பல்லும் பின்னால் பெரிய பல்லும் சேரும்போது டிரெய்லியர் இழுபட்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் உடையும்.

கேசட் மாற்றியதும் டிரெய்லியரின் உள் எல்லைத் திருகைச் சரிபாருங்கள். பெரிய பல்லுக்கு மாற்றிவிட்டு, டிரெய்லியரைக் கையால் மெதுவாக ஸ்போக்ஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் திருகு தளர்வாக இருக்கிறது. மலையில், மெதுவான வேகத்தில், முழு பலத்தோடு கியர் மாற்றும்போதுதான் செயின் ஸ்போக்ஸுக்குள் விழும். முன்பக்கம் 50-லிருந்து 34-க்கு இறங்குவதையும் ஏற்றம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். பாரத்தோடு மாற்றினால் செயின் கழன்று, பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட் பக்கம் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு உள்ளூர் விஷயம், சீமைக்கருவேல முள். வெளிச்சாலைகளின் ஓரம் முழுக்க அதுதான். பஞ்சர் ஆனால் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவினால் முள் முனை இழுக்கும். அதைப் பிடுங்காவிட்டால் பத்து நிமிடத்தில் அடுத்த பஞ்சர். இரண்டு டியூப், பேட்ச் ஒட்டும் பொருட்கள், பம்ப் மூன்றும் இல்லாமல் சிறுமலைப் பக்கம் போக வேண்டாம்.

வளைவும் இறக்கமும்

நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடது கொண்டை ஊசி வளைவில் நாம் உள்பக்கம் இருப்போம். அங்கேதான் சரிவு மிக அதிகம். வளைவுக்கு முன்பே ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள். வலது வளைவில் வெளிப்பக்கம் இருப்பதால் இலகு, மூச்சு வாங்க அதைப் பயன்படுத்துங்கள். பஸ் வருகிறதென்றால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே ஓரம் நில்லுங்கள். பஸ் திரும்பும்போது அதன் பின்பகுதி உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வருவது பெரிய ஆபத்து. ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும், கார்பன் ரிம் என்றால் உருக்குலையும். நேர்ப்பகுதியில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் கிளம்பும் முன் பேட் தடிமனைப் பாருங்கள். ஷிமானோ பேடில் 0.5 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருந்தால் அன்றைக்கு மலை வேண்டாம். கொடைக்கானலில் இறங்குவதற்கு ஒரு விண்ட்சீட்டர் கட்டாயம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும், வியர்வையில் நனைந்த ஜெர்சியோடு இறங்கினால் விரல் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வளைவுகளில் மண்ணும் இலையும் சேரும், பாறை உருளும். அந்த மாதங்களில் அழகர்மலையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜனவரி, பிப்ரவரியில் சிறுமலை, பிறகு போடிமெட்டு என்று நீளத்தைக் கூட்டிக்கொண்டே போய், வெயிலும் சீசனும் தொடங்கும் முன், மார்ச் முதல் வாரத்துக்குள் கொடைக்கானலை முடித்துவிடுங்கள்.